வாக்கிங் போக நேரமில்லையா, வழியில்லையா? கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் காட்டும் உண்மை

இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை. 2024 ஜூன் மாதம் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியான ஆய்வு தரும் கணக்கு இது. 2000-ல் 22 சதவீதமாக இருந்தது, 2010-ல் 34 சதவீதமாகி, 2022-ல் 49.4 சதவீதத்தை எட்டிவிட்டது. இதே போக்கு தொடர்ந்தால் 2030-ல் 60 சதவீதத்தைத் தொடும் என்றும் அந்த ஆய்வு எச்சரிக்கிறது.

காரணம் என்னவென்று யாரைக் கேட்டாலும் சட்டென வரும் பதில், “சோம்பேறித்தனம்தான், வேறென்ன?” ஆனால், 22 ஆண்டுகளில் ஒரு நாடே சோம்பேறியாகிவிடுமா? 2000-ல் சைக்கிள் மிதித்துக் கல்லூரிக்குப் போன அதே ஆள்தான் இன்று தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்க பைக்கை எடுக்கிறார். அவருடைய குணத்தைவிட, அவருடைய ஒரு நாள் பொழுது அதிகமாக மாறியிருக்கிறது.

அந்த மாற்றத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க கள்ளக்குறிச்சி பொருத்தமான மாவட்டம். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இங்கே, ஒரு பக்கம் வேகமாக வளரும் நகரம். கச்சிராயபாளையம் வழியாகப் போனால் இன்னொரு பக்கம் கல்வராயன் மலை. கீழே மக்கள் நடக்க மறந்துகொண்டிருக்கிறார்கள். மேலே நடப்பதைத் தவிர பலருக்கு வேறு வழியில்லை. இரண்டுக்கும் காரணம் மனஉறுதி அல்ல.

எவ்வளவு அசைந்தால் போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 முதல் 64 வயது வரையிலானவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடல் உழைப்பு வேண்டும். தீவிரமான உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடங்கள் போதும். இதோடு வாரத்தில் 2 நாட்களாவது தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும்.

‘மிதமான’ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சுலபமான வழி உண்டு. வேகமாக நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. பேசவே மூச்சு வாங்கினால் தீவிரமான உழைப்பு.

150 நிமிடங்கள் என்பது ஒரு நாளைக்குச் சராசரியாக 21, 22 நிமிடங்கள்தான். முன்பெல்லாம், ‘ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு’ என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020 வழிகாட்டுதல் அதையும் எடுத்துவிட்டது. 3 நிமிடம் வேகமாகப் படி ஏறினாலும் கணக்கில் சேரும். இவ்வளவு சின்ன இலக்கைப் பாதிப் பேரால் தொட முடியவில்லை என்றால், சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது.

உடல் உழைப்பு எங்கிருந்து வருகிறது?

ஒருவரின் உடல் உழைப்பை ஆய்வாளர்கள் பொதுவாக 4 கணக்குகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: வேலை, பயணம், வீடு, ஓய்வு நேரம். ‘வாக்கிங்’, ‘ஜிம்’, ‘ஷட்டில்’ எல்லாம் நான்காவது கணக்கில் வருபவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ‘இந்தியாப்’ ஆய்வின் முதல் கட்ட முடிவு 2014-ல் வெளியானது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கு. நகரங்களில் 65 சதவீதம் பேரும் கிராமங்களில் 50 சதவீதம் பேரும் போதிய உழைப்பு இல்லாதவர்கள் என்று தெரியவந்தது.

அதைவிட முக்கியமான தகவல் ஒன்று அதில் இருந்தது. பொழுதுபோக்காகவோ உடற்பயிற்சியாகவோ உடலை அசைப்பவர்கள் 10 சதவீதம்கூட இல்லை.

அதாவது, நம் ஊரில் உடல் உழைப்பு எப்போதுமே முதல் மூன்று கணக்குகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வயலுக்குப் போனது, பஸ் ஸ்டாண்டு வரை நடந்தது, கிணற்றில் தண்ணீர் சேந்தியது, அம்மியில் அரைத்தது எல்லாம் சேர்ந்துதான் அந்த 150 நிமிடம். யாரும் ‘உடம்புக்கு நல்லது’ என்று அதைச் செய்யவில்லை. டிராக்டர், பைக், மிக்ஸி, குழாய் என்று ஒவ்வொன்றாக வந்து முதல் மூன்று கணக்குகளும் காலியாயின. நான்காவது கணக்கு நிரம்பவே இல்லை.

மலையில் ஏன் நடக்கிறார்கள்?

கோமுகி அணையைத் தாண்டி மலைச்சாலையில் ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை வரும். மலையாளி பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலைக் கிராமங்கள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. சாமை, மரவள்ளி போன்ற பயிர்கள். கடுக்காய், தேன் போன்ற காட்டுப் பொருட்கள். நிலத்துக்குப் போவதும், விளைந்ததைச் சுமந்து வருவதும், விறகு கொண்டுவருவதும் மேடு பள்ளத்தில்தான். இங்கே 150 நிமிடத்தை எட்ட ஒரு வாரம் தேவைப்படாது.

ஆனால், இதைப் பார்த்து “ஆஹா, எவ்வளவு ஆரோக்கியமான வாழ்க்கை!” என்று சொல்வது அபத்தம். நாடு சுதந்திரம் அடைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1976-ல்தான் இந்த மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டு அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் முன்னேற்றம் குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, சாலையும் பேருந்தும் அதில் முக்கியப் பிரச்சினைகளாகப் பேசப்பட்டன. இங்கு பலர் நடப்பதற்குக் காரணம், நேரத்துக்கு பஸ் இல்லாததுதான்.

மருத்துவமும் இதை ஆமோதிக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு மாரடைப்பு, மரண அபாயம் குறைவாக இருந்தது. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கோ அபாயம் கூடுதலாக இருந்தது. பாரம் தூக்குவது, நாள் முழுக்க ஓய்வின்றி நிற்பது போன்றவை உடலைத் தேய்க்கின்றன. தேறுவதற்கு நேரம் தருவதில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. ரைஸ்மில்லில் மூட்டை தூக்குபவரிடம் போய், “தினமும் ஒரு மணி நேரம் எக்சர்சைஸ் பண்ணுங்க” என்று சொன்னால் அவர் சிரிக்கத்தான் செய்வார். அவருக்கு வேண்டியது நல்ல சாப்பாடும் ஓய்வும்.

எனவே, ‘பழைய வாழ்க்கைக்கே திரும்புவோம்’ என்பது தீர்வு அல்ல. மலைக்கு சாலையும் பஸ்ஸும் வேண்டும். கேள்வி, அவை வந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான். அதற்கான பதில் கீழே கள்ளக்குறிச்சியில் இருக்கிறது.

நகரத்தில் என்ன நடந்தது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கள்ளக்குறிச்சி நகரின் மக்கள்தொகை சுமார் 52 ஆயிரம். சென்னை, கோவையோடு ஒப்பிட்டால் சின்ன ஊர். சேலம் சாலை, துருகம் சாலை, சங்கராபுரம் சாலை, கச்சிராயபாளையம் சாலை எல்லாம் வந்து சேரும் நான்குமுனைச் சந்திப்பைச் சுற்றித்தான் கடைவீதி. பல வேலைகளை நடந்தோ, சைக்கிளிலோ முடித்துவிடலாம் என்ற அளவு தூரம்தான்.

ஆனால், தூரம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. நடக்கும் வழி நடக்கும்படி இருக்க வேண்டும். தமிழகத்தின் நடுத்தர நகரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான காட்சி இது: நடைபாதை இருக்காது, இருந்தால் கடையின் போர்டும் நிறுத்திய பைக்கும் அதன்மேல் இருக்கும். சாலையைக் கடக்க சிக்னல் இருக்காது. தெருவிளக்கு இல்லாத இடத்தில் தெருநாய்கள் இருக்கும். மே மாதத்தில் காலை 8 மணிக்கே வெயில் சுளீரென்று அடிக்கும். நிழலுக்கு இருந்த மரங்கள் சாலை விரிவாக்கத்தில் போயிருக்கும். இப்படிப்பட்ட வழியில் அரை கிலோமீட்டர் போக பைக்கை எடுப்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. அவர் உயிருக்குப் பயந்தவராகவும் இருக்கலாம்.

ஓர் ஊர் எந்தத் திசையில் விரிகிறது என்பதும் இதில் சேரும். புதிய மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கு நகருக்கு வெளியே உள்ள வீரசோழபுரத்தில் இடம் தேர்வானது. நிலம் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் எல்லா மாவட்டங்களிலும் பெரிய அலுவலகங்களும் கல்லூரிகளும் இப்படித்தான் ஊருக்கு வெளியே போகின்றன. அப்படிப் போகும் ஒவ்வொன்றும், இதுவரை நடந்து போய்வந்த சிலரை வண்டியில் ஏற்றிவிடுகிறது.

பஸ்ஸில் போகிறவர்களின் கதை கொஞ்சம் வேறு. பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் அமெரிக்கர்களைப் பற்றி 2005-ல் வெளியான ஆய்வில், நிறுத்தத்துக்குப் போகவும் வரவும் மட்டும் ஒரு நாளைக்கு 19 நிமிடங்கள் நடப்பது பொதுவான அளவாக இருந்தது. ஏறத்தாழ ஒருநாள் பங்கு அதிலேயே முடிந்துவிடுகிறது. நல்ல பஸ் வசதி என்பது, ஒரு வகையில், ஊருக்கே இலவச வாக்கிங் திட்டம்.

டிரைவரும் கண்டக்டரும்

வேலை உடலை எப்படி மாற்றுகிறது என்பதை முதலில் நிரூபித்ததே பஸ்தான். 1953-ல் லண்டன் மருத்துவர் ஜெர்ரி மோரிஸ், அந்த நகரின் மாடி பஸ்களில் வேலை செய்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஆனால், நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்க நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது.

இன்றைக்கு ஐ.டி. கம்பெனி ஊழியர், வங்கி ஊழியர், டேட்டா என்ட்ரி செய்பவர் எல்லோரும் மோரிஸ் கணக்கில் டிரைவர்கள்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து படித்து முடித்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற இளைஞர்களில் பலர், அப்பா கரும்பு வெட்டிய குடும்பத்திலிருந்து ஒரே தலைமுறையில் நாற்காலிக்கு வந்தவர்கள். அந்த நாற்காலி குடும்பத்துக்கே பெருமை. ஆனால், வீட்டுச் சாப்பாட்டின் அளவும் பழக்கமும் உழைத்த தலைமுறைக்கு அமைந்தவை.

விளைவும் கண்ணுக்குத் தெரிகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக உடல் எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். 2023-ல் வெளியான ‘இந்தியாப்’ ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. உழைப்புக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. ஆனால், முக்கியமான காரணங்களில் ஒன்று.

பெண்களுக்கு ஏன் கூடுதல் சிக்கல்?

லான்செட் கணக்கில் இந்திய ஆண்களில் 42 சதவீதம் பேருக்குப் போதிய உழைப்பு இல்லை. பெண்களில் 57 சதவீதம். “வீட்டு வேலையே பெரிய எக்சர்சைஸ்தானே?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெருக்குவது, துடைப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது மிதமான உழைப்புதான். ஆனால், அடுப்படியில் நிற்பது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது போன்றவை களைப்பைத் தருமே தவிர இதயத்துடிப்பைப் போதுமான அளவு உயர்த்தாது. நாள் முழுக்க நின்றாலும் கணக்கு நிரம்பாமல் போவது இதனால்தான்.

2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியபோது அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறத்துக்குப் போயின. பெண்களின் கையிலிருந்து ஒரு பெரும் சுமை இறங்கியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், மிச்சமான நேரம் அவர்களுக்குக் கிடைத்ததா? 2024 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இந்த 201 நிமிட வித்தியாசத்துக்குள்தான் ஒரு பெண்ணின் வாக்கிங் காணாமல் போகிறது.

நேரம் கிடைத்தாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. “தனியா எங்க போறே?” “இந்த வயசுல டிராக் பேன்ட் எதுக்கு?” இருட்டில் போக முடியாது, வெளிச்சம் வந்தால் சமையல் வேலை வந்துவிடும்.

இந்தத் தடை உடைந்த வரலாறும் தமிழ்நாட்டில் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஆதரவாக இருந்தார். பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கேலிகளைத் தாண்டி சைக்கிள் மிதித்தார்கள். ஒரு பெண் தனியாக ஓட்டினால் அது பேச்சு. ஊரே ஓட்டினால் அது பழக்கம்.

அப்படியென்றால் மனசு வைப்பதில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. யார் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள், யார் இல்லை, ஏன் என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. வயது, பாலினம், உடல்நிலை ஆகியவற்றோடு, ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையும் முக்கியமான காரணியாக அதில் இருந்தது. ஆனால், அந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதிப்பதில்லை. கூட நடக்க ஓர் ஆள், பாதுகாப்பான தெரு, முதல் வாரத்தில் முடிக்கக்கூடிய சின்ன இலக்கு ஆகியவை இருந்தால்தான் வளரும்.

பெரிய இலக்குகள் சில நேரம் பயமுறுத்திவிடும். ‘தினமும் 10 ஆயிரம் அடி’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளக்கும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமான எண். ‘மான்போ-கே’ என்றால் ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள். 2025-ல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ வெளியிட்ட தொகுப்பாய்வு, தினமும் 2 ஆயிரம் அடி நடப்பவர்களோடு ஒப்பிட்டால் 7 ஆயிரம் அடி நடப்பவர்களுக்கு மரண அபாயம் 47 சதவீதம் குறைவாக இருப்பதாகக் கண்டறிந்தது. 4 ஆயிரம் அடியிலிருந்து 6 ஆயிரத்துக்குப் போனாலும் லாபம்தான்.

8 கி.மீ. நடைபாதை போதுமா?

தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. கள்ளக்குறிச்சி உட்பட 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. தூரத்துக்கு நடைபயிற்சிக்கான பாதை அடையாளம் காணப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால், 8 கி.மீ. நடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் யாரிடம் இருக்கிறதோ, அந்தப் பாதைக்கு அருகில் யார் வீடு இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அது எளிதில் உதவும். நான்காவது கணக்கை நிரப்பும் திட்டம் அது. காலியான இரண்டாவது கணக்கை, அதாவது பயணத்தை, நிரப்புவதில்தான் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது. நகராட்சியிடம் நடைபாதை கேட்பது இனி சலுகை கேட்பது ஆகாது. பள்ளி, சந்தை, பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை ஆகியவற்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு நிழலும் வெளிச்சமும் உள்ள நடைபாதை அமைத்தாலே, கள்ளக்குறிச்சி அளவுள்ள ஓர் ஊரின் பெரும்பாலான அன்றாட நடை அதற்குள் அடங்கிவிடும். பெருநகரங்கள் தவறவிட்ட இந்த வாய்ப்பு, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் நகரங்களின் கையில் இருக்கிறது.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

* ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வேலைகளில் ஒன்றையாவது தினமும் நடந்தே முடியுங்கள். பால், காய்கறி, ஏ.டி.எம். எதுவாக இருந்தாலும் சரி.
* பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போனால் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிப் பாருங்கள்.
* போன் வந்தால் எழுந்து நடந்தபடி பேசுங்கள். 2 மாடி வரை லிஃப்ட் வேண்டாம்.
* நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே வேலை என்றால் 150 நிமிடத்தோடு நிறுத்தாதீர்கள். 10 லட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வின்படி, அவ்வளவு நேரம் உட்காருவதால் கூடும் மரண அபாயத்தை ஈடுகட்ட, தினமும் 60 முதல் 75 நிமிட மிதமான உழைப்பு தேவைப்படுகிறது.
* வீட்டு வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது உழைப்பு. வீட்டிலுள்ள பெண்ணுக்கு அது வாக்கிங் போகும் நேரம்.
* இதயநோய், மூட்டுவலி, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை இருந்தால், தீவிரப் பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கல்வராயன் மலைக்கு இன்னும் நல்ல சாலை வரும், வர வேண்டும். பைக்கும் மிக்ஸியும் அங்கேயும் பெருகும். அப்போது கீழே நகரத்தில் நடந்தது மேலேயும் அப்படியே நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சுமையை இறக்கிவைத்த பிறகும் காலாற நடக்க ஒரு வழி இருக்கிறதா என்பதை, சாலை போடும்போதே யோசித்தால் போதும்.